காபி, டீ, காஃபீன்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் மருந்துக் கடையிலும் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலும் காபி, டீ பற்றி ஒரே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். எத்தனை டம்ளர் என்பதில் வரும் தொல்லையைவிட, எந்த நேரத்தில், எதோடு சேர்த்துக் குடிக்கிறோம் என்பதில் வரும் தொல்லைதான் அதிகம். பதில்கள் பெரும்பாலும் அதைப் பற்றியவை. தினமும் மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் 8, 14, 19, 20 ஆகிய கேள்விகளை முதலில் படித்துவிடுங்கள்.

1. காஃபீன்னா இன்னா? காபியில மட்டும்தான் இருக்குதா?

காபி, தேயிலை, கோக்கோ போன்ற செடிகள் பூச்சி அண்டாமல் இருக்கத் தமக்குள் உண்டாக்கிக்கொள்ளும் கசப்பான வேதிப்பொருள் அது. 1819-இல் ரூங்கே என்ற ஜெர்மன் வேதியியலாளர் காபிக் கொட்டையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். டீயில் இருப்பதும் அதே பொருள்தான். கோலா, எனர்ஜி டிரிங்க், சாக்லேட், சில தலைவலி மாத்திரைகள், ஜிம்மில் விற்கும் பவுடர்கள் ஆகியவற்றிலும் உண்டு. "காபி பக்கமே போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நாளுக்கு ஆறு டீ குடிப்பவர் உடம்பில் காஃபீன் நன்றாகவே ஏறியிருக்கும்.

சிக்கரியில் காஃபீன் கிடையாது. சுக்கு மல்லி காபியிலும் காபித்தூள் சேர்க்காத வரை துளிகூட இல்லை.

2. குடிச்ச உடனே தெம்பா இருக்குதே, அந்த சக்தி எங்கேர்ந்து வருது?

காஃபீன் சக்தி எதையும் தருவதில்லை. களைப்பு தெரியாமல் மறைக்கிறது. நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது நரம்புச் செல்களில் தனக்கென்று இருக்கும் இடங்களில் போய் உட்கார்ந்தால்தான் அசதியும் தூக்கமும் வரும். காஃபீனுக்கும் கிட்டத்தட்ட அதே உருவம். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல அந்த இடங்களை அது முன்னாடியே பிடித்துக்கொள்கிறது. அடினோசின் வெளியே நின்றுகொண்டே இருக்கும், குறையாது. காஃபீன் இறங்கியதும் அத்தனையும் ஒன்றாக உள்ளே வரும். மதியம் திடீரென்று சோர்ந்து விழுவது இதனால்தான்.

குடித்த 45 நிமிடத்துக்குள் ஏறக்குறைய முழு காஃபீனும் ரத்தத்தில் கலந்துவிடும். பிறகு கல்லீரல் அதை மெதுவாக உடைத்து வெளியேற்றும். பாதி குறைய சராசரியாக 5 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது இரண்டு மணி நேரமாகவும் இருக்கும், ஒன்பது மணி நேரமாகவும் இருக்கும். கீழே பல பதில்கள் இந்த 5 மணி நேரக் கணக்கை வைத்தே சொல்லப்பட்டிருக்கின்றன.

3. ஒரு டம்ளர் காபியில எவ்வளவு இருக்கும், டீயில எவ்வளவு இருக்கும்?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தரும் கணக்கு இது: 150 மி.லி. அளவில், கொட்டை அரைத்துப் போட்ட காபியில் 80 முதல் 120 மி.கி., இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65 மி.கி., டீயில் 30 முதல் 65 மி.கி. நம் டீக்கடை கிளாஸ் பெரும்பாலும் 100 மி.லி.க்கு மேல் பிடிக்காது. ஆனால் டஸ்ட் தூளை நெடுநேரம் கொதிக்க வைப்பதால் சாறு முழுக்க இறங்கிவிடும். ஒரு கிளாஸ் கடை டீக்கு 40 மி.கி. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டர் காபியில் அளவு தூளைப் பொறுத்து மாறும். ஒரு டம்ளருக்கு 8 கிராம் தூள், அதில் 30 சதவீதம் சிக்கரி என்றால், காபி 5.6 கிராம்தான். அது அராபிகா வகையான பிளான்டேஷன் கொட்டையாக இருந்தால், எடையில் சுமார் 1.2 சதவீதம் காஃபீன், அதாவது 67 மி.கி. ரோபஸ்டாவாக இருந்தால் சுமார் 2.2 சதவீதம், 120 மி.கி.யைத் தாண்டும். டிகாக்‌ஷனில் இறங்குவது இதைவிடச் சற்றுக் குறையும். கடையில் தூள் அரைக்கும்போது "எந்தக் கொட்டை, எவ்வளவு சிக்கரி?" என்று கேட்டு வாங்குவது ருசிக்கு மட்டுமல்ல, இதற்கும் உதவும். பாக்கெட் தூளில் சிக்கரி விகிதம் அச்சிட்டிருக்க வேண்டும். சட்டப்படி 49 சதவீதத்துக்கு மேல் சிக்கரி சேர்க்கக் கூடாது.

நிறத்தையும் கசப்பையும் வைத்து அளவைக் கணக்குப் போடாதீர்கள். சிக்கரி அதிகமானால் டிகாக்‌ஷன் கறுத்துக் கசக்கும், காஃபீன் குறைவாகத்தான் இருக்கும். இரண்டாம் டிகாக்‌ஷனில் முதலாவதைவிட மிகக் குறைவு. பால் கூட்டினாலும் குறைத்தாலும் காஃபீன் மாறாது.

4. ஒரு நாளைக்கு எத்தினி வரைக்கும் குடிக்கலாம்?

வேறு நோய் இல்லாத பெரியவர்களுக்கு நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பு நாளுக்கு 300 மி.கி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் 400 மி.கி. வரையும், ஒரே நேரத்தில் 200 மி.கி. வரையும் ஆபத்தில்லை என்று சொன்னது. உடல் எடை குறைவானவர்களும், டீயோடு மாத்திரைகளும் சேரும் வீடுகளும் இங்கே நிறைய. அதனால் 300-ஐ வைத்துக்கொள்வதே நல்லது. காலையில் ஒரு ஃபில்டர் காபி, பிறகு மூன்று நான்கு கடை டீ என்றால் வரம்புக்குள் இருப்பீர்கள்.

நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், காரணமில்லாத பதற்றம், ராத்திரி விழிப்பு ஆகியவை 150 மி.கி.யிலேயே வந்தால் உங்கள் வரம்பு அதுதான். புத்தகத்தில் 300 என்று இருப்பது உங்கள் உடம்புக்குத் தெரியாது.

5. எனக்கு ராத்திரி காபி குடிச்சாலும் நல்லாத்தான் தூக்கம் வருது. அப்புறம் இன்னா?

தூக்கம் வருவது வேறு, ஆழ்ந்து தூங்குவது வேறு. மாலை 6 மணிக்கு 100 மி.கி. உள்ளே போனால், இரவு 11 மணிக்கு 50 மி.கி.யும் விடிகாலை 4 மணிக்கு 25 மி.கி.யும் இன்னும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மி.கி. எடுத்தவர்களுக்குக்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது. அந்தக் குறைவு பலருக்குத் தெரியவே இல்லை. ஆழ்ந்த உறக்கம் குறைந்தால் காலையில் எழும்போதே உடம்பு கனக்கும். அதைச் சரிசெய்ய இன்னொரு காபி, அந்த ராத்திரி மறுபடியும் அரைத் தூக்கம். இந்தச் சுழலில் வருடக்கணக்காக இருப்பவர்கள் பலர்.

பத்து வாரம் வேண்டாம், பத்து நாள் மட்டும் மதியம் 2 மணிக்கு மேல் காபி, டீ இல்லாமல் இருந்து பாருங்கள். மாலை டீ நேரத்துக்குச் சுக்கு மல்லி காபியோ மோரோ வைத்துக்கொள்ளலாம். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

6. காலையில வெறும் வயித்துல காபி குடிச்சா அல்சர் வருமா?

அல்சர் எனும் குடற்புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி, அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரைகள். காபி புண்ணை உண்டாக்குவதில்லை. ஆனால் வயிற்றில் அமிலச் சுரப்பைக் கூட்டும், உணவுக்குழாயின் அடிவாய் இறுக்கத்தைத் தளர்த்தும். ஏற்கெனவே நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு அது எரியும். எரிச்சல் இல்லாதவர் வெறும் வயிற்றில் குடிப்பதில் பெரிய தவறில்லை. காபி குடித்ததும் காலைக்கடன் சுலபமாவது உண்மைதான். காபி பெருங்குடலின் அசைவைத் தூண்டுகிறது. காஃபீன் நீக்கிய காபியும் ஓரளவு அப்படிச் செய்வதால், அது முழுக்கக் காஃபீன் வேலை அல்ல.

7. பிரியாணி சாப்ட்ட கையோட ஒரு டீ குடிச்சாதான் ஜீரணம் ஆகும்னு சொல்றாங்களே?

டீயால் ஜீரணம் வேகமாவதில்லை. இங்கே கவனிக்க வேண்டியது இரும்புச் சத்து. டீயிலும் காபியிலும் உள்ள துவர்ப்புப் பொருட்கள் உணவிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலுக்குள் இறங்க விடாது. 1983-இல் வெளியான ஆய்வில், சாப்பாட்டோடு காபி குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது 39 சதவீதமும், டீ குடித்தால் 64 சதவீதமும் குறைந்தது. காபியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்தபோது குறையவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோதோ சேர்த்துக் குடித்த அளவுக்கே குறைந்தது. இது காஃபீனின் குற்றம் அல்ல என்பதால் காஃபீன் நீக்கிய டீயும் இதையே செய்யும்.

இறைச்சியில் உள்ள இரும்பு வேறு வகை, அதை டீ அவ்வளவாகப் பாதிக்காது. அதனால் ஆம்பூர் பிரியாணிக்குப் பின் டீ குடிப்பவரைவிட, கேழ்வரகுக் களியும் முருங்கைக் கீரையும் சாப்பிட்ட கையோடு டீ குடிப்பவருக்குத்தான் இழப்பு அதிகம். ரத்தசோகை உள்ள பெண்கள் பலர் இந்த இரண்டாவது வகை. கீரை நிறைய சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் முதலில் டீ நேரத்தைப் பாருங்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே குடித்து முடித்துவிடுங்கள், பின்னால் என்றால் இரண்டு மணி நேரமாவது போகட்டும். சாப்பாட்டோடு எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்பு கூடுதலாக இறங்கும். இரும்பு மாத்திரைக்கும் இதே இடைவெளி வேண்டும்.

8. தைராய்டு மாத்திரை போட்டுகினு உடனே காபி குடிக்கலாமா?

கூடாது. தைராக்ஸின் மாத்திரையை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போட வேண்டும். காபி உடனே போனால் மாத்திரை உறிஞ்சப்படுவது குறையும். ஒரு மணி நேரம் விட முடிந்தால் நல்லது, குறைந்தது அரை மணி நேரமாவது விடுங்கள். டோஸைக் கூட்டிக்கொண்டே போயும் டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனையில் வரும் எண்) இறங்காதவர்களில், மாத்திரையைக் காபியோடு விழுங்குபவர்கள் உண்டு. பால், கால்சியம், இரும்பு ஆகியவையும் இதைக் கெடுக்கும். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் தைராக்ஸினுக்கும் நடுவே 4 மணி நேரம் வேண்டும்.

வசதியான வழி: தலைமாட்டில் மாத்திரையும் தண்ணீரும் வைத்துக்கொண்டு கண் விழித்ததும் போட்டுவிடுங்கள். வாசல் தெளித்து, கோலம் போட்டு, பால் காய்ச்சி முடிப்பதற்குள் இடைவெளி தானாகக் கிடைத்துவிடும்.

9. கத்திரி வெயில்ல டீ குடிச்சா உடம்புல தண்ணி வத்திடுமா?

தினமும் குடித்துப் பழகியவருக்கு வற்றாது. காஃபீன் சிறுநீரைக் கொஞ்சம் கூட்டும், ஆனால் டீயிலுள்ள தண்ணீரில் பெரும்பகுதி உடம்பிலேயே தங்கிவிடும். அதற்காக, வேலூர் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும்போது வெளியே வேலை செய்பவர் டீயை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. 100 மி.லி. கிளாஸ் நாலு குடித்தாலும் அரை லிட்டர்கூட ஆகாது. வியர்வையில் போகும் உப்புக்கு நீர்மோர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, கூழ் ஆகியவைதான் சரி.

10. பிபி இருக்கிறவங்க காபியை விட்டுடணுமா?

கட்டுக்குள் இருக்கும் பிபிக்கு ஒன்று, இரண்டு காபியை விட வேண்டியதில்லை. பிபி உள்ளவர்கள் 200 முதல் 300 மி.கி. காஃபீனை ஒரே மூச்சில் எடுத்தால் மேல் எண் சராசரியாக 8, கீழ் எண் 6 வரை ஏறி, மூன்று மணி நேரம் அப்படியே நிற்கும். தினமும் குடிப்பவருக்கு இந்த ஏற்றம் குறைவு. பிபி மிக அதிகமாக இருப்பவர்கள், மருந்து இன்னும் சரிப்படாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

அளக்கும்போது நடக்கும் தவறுதான் இங்கே அதிகம். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டீயைக் குடித்துவிட்டு, மாடிப்படி ஏறி, உட்கார்ந்ததும் கையை நீட்டினால் வரும் எண் உங்கள் உண்மையான பிபி அல்ல. அளப்பதற்கு 30 நிமிடம் முன்பிருந்து காபி, டீ, பீடி, சிகரெட் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைக் குறுக்கே போடாமல் 5 நிமிடம் சும்மா உட்காருங்கள்.

11. சர்க்கரை போடாத கட்டங்காப்பிதானே, ஃபாஸ்டிங் டெஸ்டுக்கு முன்னாடி குடிச்சா இன்னா?

குடிக்கக் கூடாது. காஃபீன் அட்ரினலினைத் தூண்டி, இன்சுலின் வேலை செய்வதைத் தற்காலிகமாக மந்தமாக்கும். சர்க்கரையே போடாவிட்டாலும் எண் மாறலாம். 8 மணி நேரத்துக்கு வெறும் தண்ணீர் மட்டும். கொழுப்புப் பரிசோதனையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் சில இடங்களில் 12 மணி நேரம் கேட்பார்கள். சாப்பாட்டுக்குப் பின் எடுக்கும் டெஸ்டிலும் வழக்கமாக என்ன சாப்பிடுவீர்களோ அதையே சாப்பிடுங்கள், இடையில் டீ வேண்டாம்.

நெடுங்காலம் காபி குடிப்பவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு சற்றுக் குறைவாக வருகிறது என்று பல பெரிய ஆய்வுகள் காட்டுகின்றன. காஃபீன் நீக்கிய காபியிலும் அப்படியே தெரிவதால் அந்தப் பலன் காபியின் மற்றப் பொருட்களால் இருக்கலாம். ஆனால் அதைச் சாக்காக வைத்துக் கடை டீ குடிக்க முடியாது. கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 10 கிராம் சர்க்கரை, ஐந்து டீயில் 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் சேர்த்த சர்க்கரைக்கு விதித்திருக்கும் நாள் வரம்பே, 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அந்த 50 கிராம்தான். வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் இந்தக் கணக்கில் சர்க்கரைதான்.

12. நோன்பு வெச்சா முதல் ரெண்டு மூணு நாள் மதியத்துல மண்டைய பிளக்குது. பசியினாலயா?

பசியும் தாகமும் ஓரளவு காரணம். பெரும்பங்கு காஃபீன் நின்றுபோனதால் வருவது. தினமும் குடிப்பவர் மூளை, அடினோசின் உட்காரும் இடங்களைக் கூட்டிவைத்திருக்கும் (2-வது பதில்). காஃபீன் வராத நாளில் அத்தனை இடத்திலும் அடினோசின் ஏறி, மூளை ரத்தக்குழாய்கள் விரிந்து தலை வலிக்கும். கடைசியாகக் குடித்த 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, ஒன்று இரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் ஒன்பது நாளுக்குள் அடங்கும். கூடவே எரிச்சல், கொட்டாவி, மனம் ஒரு வேலையில் நிற்காமை.

ரமலானுக்குப் பத்து நாள் முன்பே தொடங்கினால் இதைத் தவிர்க்கலாம். முதலில் பகல் 11 மணி டீயை விடுங்கள், மூன்று நாள் கழித்து மாலை டீயை, பிறகு காலைக் காபியைப் பாதி டம்ளராக்குங்கள். நோன்பு தொடங்கியபின் சஹர் நேரத்தில் (விடியுமுன் சாப்பிடும் நேரம்) ஒரு சிறு டீ போதும். நோன்பு திறந்ததும் முதலில் தண்ணீர், பேரீச்சை, கஞ்சி. டீயைக் கொஞ்சம் தள்ளி ஒன்றோடு நிறுத்துங்கள். தராவீஹ் எனும் இரவுத் தொழுகை முடிந்து வந்து நண்பர்களோடு குடிக்கும் இரண்டாவது மூன்றாவது டீதான் சஹருக்கு முன் கிடைக்கும் கொஞ்சத் தூக்கத்தையும் கெடுக்கிறது. கிருத்திகை, ஏகாதசி விரதம் இருப்பவர்கள் ஒரு நாள்தான் என்பதால் அன்று காலை பாதி டம்ளர் அனுமதி உண்டா என்று வீட்டு வழக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

13. தலைவலி மாத்திரையிலயே காஃபீன் இருக்குதாமே, அது எதுக்கு?

வலி மருந்தோடு காஃபீன் சேர்ந்தால் வலி சற்று அதிகமாகவே குறையும். அதனால் சில மாத்திரைகளில் 30, 50 மி.கி. சேர்க்கிறார்கள். அட்டையின் பின்புறம் காஃபீன் என்று எழுதியிருக்கும். எப்போதாவது போட்டால் சரி. மாதத்தில் 10 நாளுக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் இப்படிப்பட்ட கலவை மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். பெட்டிக்கடையில் ஒன்று ஒன்றாக வாங்கி விழுங்குபவர்களுக்கு இது தெரிவதில்லை. அந்த நிலைக்கு வந்திருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

14. மாசமா இருக்கும்போது காபி குடிச்சா குழந்தை கறுப்பா பொறக்குமா?

நிறத்துக்கும் காபிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உண்மையான கவலை குழந்தையின் எடை. காஃபீன் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகும், அதை உடைக்கும் திறன் குழந்தைக்கு இன்னும் வரவில்லை. தாயின் உடம்பும் மெதுவாகிவிடும்: 5 மணி நேரத்தில் பாதியாவது, கடைசி மூன்று மாதத்தில் 15 மணி நேரம் வரை இழுக்கும். காலையில் குடித்தது ராத்திரியிலும் இருக்கும். நாளுக்கு 200 மி.கி.க்குள் வையுங்கள். ஒரு காபி, ஒரு டீ என்று நிறுத்திக்கொண்டால் நிச்சயமாக உள்ளே இருப்பீர்கள். இரும்பு மாத்திரை நேரத்துக்கு 7-வது பதிலைப் பாருங்கள், இந்தச் சமயத்தில் அது இன்னும் முக்கியம்.

பால் கொடுக்கும் தாய்க்கும் 200 மி.கி.தான். தாய் குடித்ததில் ஒரு சதவீத அளவுதான் பாலில் போகும். ஆனால் பிறந்த குழந்தையின் உடம்பில் அது பாதியாகவே மூன்று நான்கு நாள் ஆகும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். குழந்தை காரணமில்லாமல் சிணுங்கி, தூங்காமல் இருந்தால் ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். பால் கொடுத்து முடித்தவுடன் குடிப்பது நல்ல பழக்கம், அடுத்த முறை கொடுப்பதற்குள் உச்சம் தாண்டியிருக்கும்.

15. பால்ல கொஞ்சூண்டு டீ ஊத்தி கொழந்தைக்கு குடுக்கலாமா? வெறும் பால் குடிக்க மாட்டேங்குது.

வேண்டாம். 12 கிலோ குழந்தைக்கு 40 மி.கி. என்பது 60 கிலோ பெரியவருக்கு 200 மி.கி. போல. தூக்கம், பசி இரண்டும் கெடும். டீயில் பிஸ்கட் தோய்த்துக் கொடுத்துக் காலைச் சாப்பாட்டை முடித்துவிடும் பழக்கம் இரும்புச் சத்துக் குறைவுக்கு நேர்வழி. ராகிக் கஞ்சியோ, ஏலக்காய் தட்டிய பாலோ கொடுங்கள்.

16. நைட் ஷிப்ட், லாரி ஓட்டறவங்க எப்பிடி குடிக்கணும்?

ஒரேயடியாகப் பெரிய டம்ளர் குடிப்பதைவிட, ஷிப்டின் முதல் பாதியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சிறு டீ நல்ல பலன் தரும். ராணிப்பேட்டை சிப்காட்டிலோ ஆம்பூர் ஷூ கம்பெனியிலோ காலை 6 மணிக்கு முடித்து 8 மணிக்குப் படுப்பவர், நள்ளிரவு 2 மணியோடு நிறுத்தினால்தான் பகல் தூக்கம் ஒட்டும்.

சென்னை–பெங்களூரு சாலையில் இரவில் ஓட்டுபவர்களுக்கு ஒரு நல்ல முறை உண்டு. கண் சொருகத் தொடங்கியதும் வண்டியைப் பாதுகாப்பாக ஓரங்கட்டி, ஒரு டீயோ காபியோ குடித்துவிட்டு, உடனே 15 முதல் 20 நிமிடம் தூங்குங்கள். தூங்கும்போது அடினோசின் குறையும், எழும்போது காஃபீன் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். தூங்காமல் டீயை மட்டும் குடித்துக்கொண்டே ஓட்டினால், கண் திறந்திருக்கும்போதே சில நொடிகள் மூளை அணைந்துபோகும். அதைக் காஃபீனால் தடுக்க முடியாது.

17. எக்ஸாம் டைம்ல எனர்ஜி டிரிங்க் குடிக்கலாமா?

இந்திய விதிப்படி இவற்றில் லிட்டருக்கு 145 முதல் 300 மி.கி. காஃபீன் இருக்கலாம். 250 மி.லி. கேனில் அதிகபட்சம் 75 மி.கி., ஒரு காபிக்கு மேல் இல்லை. ஆபத்து அதைக் குடிக்கும் விதத்தில்: ஜில்லென்று இரண்டு நிமிடத்தில் உள்ளே போகும், கேனுக்குச் சுமார் 25 கிராம் சர்க்கரை, ராத்திரி 12 மணிக்கு ஒன்று, 3 மணிக்கு ஒன்று. படித்தது மூளையில் பதிவது தூக்கத்தில்தான். தூக்கத்தை வெட்டிப் படித்த பாடம் பரீட்சை ஹாலில் கை கொடுக்காது. குழந்தைகள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள் குடிக்கக் கூடாது என்றும், நாளுக்கு 500 மி.லி.யைத் தாண்டக் கூடாது என்றும் கேனிலேயே எழுதியிருக்கும். மதுவோடு கலப்பது இன்னும் மோசம், போதை ஏறியது தெரியாமல் போகும்.

18. மிலிட்டரி செலக்‌ஷன்ல ஓடறதுக்கு முன்னாடி குடிச்சா வேகம் கூடுமா?

கூடும், கொஞ்சம். உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி. அளவு காஃபீன், ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு எடுத்தால் களைப்பு தெரிவது தள்ளிப்போகும். 60 கிலோ பையனுக்கு 180 மி.கி., இரண்டு நல்ல ஃபில்டர் காபி. விளையாட்டு ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலிருந்து 2004-இல் காஃபீனை எடுத்துவிட்டார்கள். கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் போகும் ஊர்களில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும்.

ஆனால் செலக்‌ஷன் அன்றைக்கு முதல்முறையாகச் சோதித்துப் பார்க்காதீர்கள். விடிகாலை வரிசையில் மணிக்கணக்காக நிற்க வேண்டியிருக்கும், 1.6 கிலோமீட்டர் ஓட்டம் எப்போது என்று உறுதியில்லை, கழிப்பிடம் பக்கத்தில் இருக்காது, 6-வது பதிலில் சொன்னது அங்கேதான் வேலையைக் காட்டும். பதற்றத்தோடு காஃபீனும் சேர்ந்தால் மருத்துவப் பரிசோதனையில் நாடித் துடிப்பும் பிபியும் ஏறி நிற்கலாம். பயிற்சி நாட்களில் இரண்டு மூன்று முறை குடித்து ஓடிப் பார்த்து, ஒத்துவந்தால் மட்டும் செய்யுங்கள். ஜிம் பவுடர் வேண்டவே வேண்டாம். சிலவற்றில் ஒரு கரண்டியில் 200, 300 மி.கி. இருக்கும். சுத்தக் காஃபீன் பொடி என்றால் ஒரு டீஸ்பூனே சில கிராம், 10 கிராம் அளவு உயிரைப் பறிக்கும்.

19. பீடியை விட்டதுலேர்ந்து அதே டீதான் குடிக்கிறேன், படபடன்னு வருது. ஏன்?

நிகோடின் இல்லாத தவிப்பு மட்டுமல்ல இது. புகையிலுள்ள சில பொருட்கள் கல்லீரலில் காஃபீனை உடைக்கும் நொதியைத் தூண்டிவிட்டிருக்கும். அதனால் பீடி, சிகரெட் பிடிப்பவர் உடம்பில் காஃபீன் இரு மடங்கு வேகமாகக் கரையும். விட்ட சில நாட்களில் நொதி பழைய அளவுக்கு இறங்கிவிடும். அதே ஐந்து டீ இப்போது பத்து டீபோல. டீயைப் பாதியாக்குங்கள், படபடப்பு அடங்கும். படபடப்பைத் தாங்காமல் மறுபடி பீடியை எடுப்பவர்கள் இருப்பதால் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எதிர்த் திசையிலும் இது நடக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக், ஃப்ளூவோக்சமின் என்ற மனநல மருந்து ஆகியவை அந்த நொதியைத் தடுக்கும், கருத்தடை மாத்திரையும் காஃபீன் கரைவதை மெதுவாக்கும். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் எடுப்பவர்களுக்குக் காஃபீன் அதன் தம்பி மாதிரியான பொருள், இரண்டும் சேர்ந்தால் குமட்டலும் படபடப்பும் கூடும். புகைப்பதை விட்டால் தியோஃபிலின் அளவும் ஏறும் என்பதால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

20. ஹார்ட் ஸ்கேனுக்கு முதல் நாளே டீ, காபி நிறுத்தச் சொல்றாங்க. ஒரு வாய் குடிச்சா தெரியவா போகுது?

உங்களுக்குத் தெரியாது, ஸ்கேனுக்குத் தெரியும். ட்ரெட்மில்லில் நடக்க முடியாதவர்களுக்கு அடினோசின், டிப்பிரிடமோல், ரெகடினோசன் போன்ற மருந்தை ஏற்றி, இதய ரத்தக்குழாய்களை விரியவைத்து எடுக்கும் ஸ்கேன் இது. 2-வது பதிலில் சொன்ன அதே அடினோசின்தான். காஃபீன் இடத்தைப் பிடித்திருந்தால் மருந்து வேலை செய்யாது. அடைப்பு இருந்தும் ஸ்கேன் நன்றாக இருப்பதாகக் காட்டிவிடலாம். அதனால்தான் 12 முதல் 24 மணி நேரம் நிறுத்தச் சொல்கிறார்கள். டீ, காபி, கோலா, சாக்லேட், காஃபீன் சேர்ந்த தலைவலி மாத்திரை, காஃபீன் நீக்கியது என்று விற்கும் காபி, எல்லாம் இதில் அடக்கம். காஃபீன் நீக்கிய காபியிலும் சில மில்லிகிராம் தங்கியிருக்கும்.

வெளியூரிலிருந்து இரவு ரயிலில் காட்பாடியில் இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் பிளாட்பாரத்தில் பழக்கதோஷத்தில் ஒரு டீ வாங்கிவிடுகிறார்கள். குடித்துவிட்டால் மறைக்காமல் பதிவு செய்யும் இடத்திலேயே சொல்லுங்கள். நேரத்தை மாற்றித் தருவார்கள். தவறான ரிப்போர்ட்டோடு ஊர் திரும்புவதைவிட ஒரு நாள் தங்குவது மேல்.

21. குழந்தைக்கு ஆகாதுன்றீங்க, குறைமாசத்துல பொறந்த எங்க கொழந்தைக்கு ஆஸ்பத்திரியிலயே காஃபீன் குடுத்தாங்களே?

அது சரியான மருத்துவம். குறைமாதக் குழந்தைகளுக்கு மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி முதிர்ந்திருக்காது, சில நொடிகள் மூச்சே விடாமல் இருந்துவிடுவார்கள். அடினோசின் அந்த மூச்சை இன்னும் அடக்கும். காஃபீன் அதைத் தடுத்து மூச்சைத் தூண்டுகிறது. காஃபீன் சிட்ரேட் என்ற மருந்தாக, எடை பார்த்து, முதல் டோஸ் கிலோவுக்கு 20 மி.கி., பிறகு தினமும் 5 முதல் 10 மி.கி. கொடுப்பது வழக்கம். அந்த எடையில் பாதிதான் காஃபீன். பிறந்த குழந்தையின் உடம்பில் நாள்கணக்கில் தங்குவதால் (14-வது பதில்) ஒரு நாளைக்கு ஒரே டோஸ் போதும். 

இதயத் துடிப்பையும் ஆக்சிஜனையும் இடைவிடாமல் பார்க்கும் இயந்திரத்தோடு இணைத்துத்தான் தொடங்குவார்கள். பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பும் முன்பே நிறுத்தி, சில நாள் கவனித்துவிட்டு அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்த குழந்தைக்குக் காபியோ டீயோ சொட்டுக்கூட அதற்கு மாற்று அல்ல. வீட்டில் குழந்தை மூச்சை நிறுத்துவதுபோலத் தெரிந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, உள்ளங்காலை லேசாகத் தட்டி எழுப்பிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.